ஸ்பனருக்கு முன்னே கொப்பி: பழைய காரின் அசல் விபரங்களைப் பதிந்துவைத்தல்

எங்கள் மொரிஸ் மைனரைத் திருத்தத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மூன்று சாட்சிகளைத் தொலைத்துவிட்டேன். எஞ்சினில் படிந்திருந்த எண்ணெய்ச் சேற்றை மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, அடியில் இருந்த பச்சைப் பெயின்றும் சேர்ந்து போனது. கதவுகளின் உட்பக்க அட்டைகள் ஊறிக் கிழிந்திருந்தன. முற்றத்தில் குவித்து எரித்தேன். அந்த அட்டைகளின் முதுகில் தொழிற்சாலைத் தொழிலாளர் சோக்கட்டியால் எழுதிய குறிகள் இருப்பதுண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மூன்றாவது இழப்பு ஒரு பெயின்ற் பட்டறையில் நடந்தது. பொனட்டுக்குள் இருக்கும் இலக்கத் தகட்டைக் காகிதம் ஒட்டி மறைக்காமல் அதன் மேலேயே பெயின்ற் விசிறிவிட்டார்கள். நான் அப்போது எதிர்க்கடையில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குற்றத்தில் பாதி என்னுடையது.

அந்த வாரம் திரும்பக் கிடைத்தால் ஸ்பனரைத் தொடுவதற்கு முன் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கியிருப்பேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கொட்டில்களில் தூங்கும் மைனர், ஒஸ்டின் ஏ40, பீஜோ 203, வொக்ஸ்வாகன் போன்றவற்றை எழுப்ப நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மைனரிலிருந்தே வரும். நான் கைவைத்துக் கெடுத்தது அதைத்தான்.

நடுவர் எதைத் தேடுகிறார்

பழைய கார்களுக்கான போட்டிகளில் நடுவர் அழகைப் பார்த்துப் புள்ளி கொடுப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது கழித்தல். அமெரிக்காவின் பழைய வாகனக் கழகம் 400 புள்ளியில் தொடங்கி, குறை காணக் காணக் கழித்துக்கொண்டே போகும். அங்கே அளவுகோல், கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எப்படி இருந்தது என்பதுதான். அதைவிட மினுக்கினாலும் மேலதிகப் புள்ளி கிடையாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமான ஃபீவா வேறொரு திசையிலிருந்து வருகிறது: குறைந்தது 30 வயது, வரலாற்றுக்குச் சரியான நிலையில் பேணப்பட்டிருத்தல், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதிருத்தல். அதன் தூரின் சாசனம் பேணுதலையும் திருத்தியமைத்தலையும் பிரித்துப் பார்க்கிறது. செய்த வேலையைப் பதிந்துவைக்கவும் சொல்கிறது.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று. நீங்கள் 'இது அசல்' என்றால் நடுவர் 'எப்படித் தெரியும்?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கொப்பியில் சேர்க்கப் போகிறோம்.

முதலில் காரின் பிறந்த நாள்

எந்த ஆண்டுக் கார் என்று தெரியாமல் அசல் எது என்று பேச முடியாது. வாகனப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். அது பதிந்த ஆண்டாக இருக்கலாம். கார் அதற்கு முன்பே கப்பலேறியிருக்கலாம்.

மைனரில் காரின் இலக்கத் தகடு பொனட்டைத் திறந்தால் எதிரே தெரியும் இரும்புச் சுவரில் தறையப்பட்டிருக்கும். எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே, எஞ்சினின் வலப்பக்கத்துச் சிறு தகட்டில் இருக்கும். இரண்டையும் துடைக்காமல் ஒரு படம், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தபின் இன்னொரு படம் எடுங்கள். பிறகு வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்து எழுத்துகளைப் பிரதியெடுங்கள். சிறுவயதில் சில்லறைக் காசை அப்படித்தான் எடுத்திருப்போம். படத்தில் மயங்கும் 3-உம் 8-உம் பென்சில் பிரதியில் பிரிந்து தெரியும். 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ எஞ்சின். 10எம்ஏ என்றால் 1098. இந்த முன்னெழுத்துகளின் கடைசியில் வரும் ஆங்கில எச் உயர் அழுத்தத்தையும் எல் தாழ் அழுத்தத்தையும் காட்டும். எல் கண்டால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். தரம் குறைந்த பெற்றோல் விற்ற நாடுகளுக்கு அப்படித்தான் செய்து அனுப்பினார்கள்.

மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை வெளிவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஆமை. உள்ளே இறங்கினால் கதை வேறு. முதல் தொகுதிக்கு 918 சீசீ பக்கவால்வு எஞ்சின். 1952 முதல் 803 சீசீ. 1956 இல் 948 வந்தபோது இரண்டாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒரே கண்ணாடியானது. கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டி 1961 இல் போய், மின்னும் விளக்கு வந்தது. 1098 எஞ்சின் 1962 இல் வந்தது. 1964 இல் டாஷ்போர்ட்டும் ஸ்டியரிங்கும் மாறின. ஆகவே 1960 ஆம் ஆண்டுக் காரில் மின்னும் விளக்கு இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் பொருத்தியது. கழற்றி எறிய வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கொப்பியில் அப்படி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாற்றங்கள் ஜனவரி முதலாம் திகதி நடந்தவை அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். தொழிற்சாலையின் உதிரிப்பாகப் பட்டியல் 'இந்தக் கார் இலக்கத்திலிருந்து இந்தப் பாகம்' என்றுதான் சொல்லும். ஆண்டை வைத்து வாதிடுவதைவிட இலக்கத்தை வைத்து வாதிடுவது வலுவானது.

ஆரம்பகால மைனர் யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நீளவாக்கில் வெட்டி, நான்கு அங்குலம் அகட்டினார். பம்பர்கள் அதற்குள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையே ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். அப்படியான பம்பர் ஒன்றை நம் ஊர் டிங்கர் பாஸிடம் கொடுத்தால், விபத்தில் உடைந்து ஒட்டியது என்று நினைத்து நேர்த்தியாக ஒரே துண்டாக்கித் தந்துவிடுவார். அவர் கெட்டிக்காரர், பிழை அவருடையதல்ல, சொல்லிக் கொடுக்காத நம்முடையது.

கழுவாமல் படமெடுங்கள்

காரைக் கழுவிவிட்டுத்தான் படமெடுக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். கையடக்கத் தொலைபேசி போதும், முக்கியமானது ஒழுங்கு. முன்பக்கத்தில் தொடங்கி வலமாகச் சுற்றுங்கள், கோயிலைச் சுற்றுவது போல. ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று படங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கையெட்டும் தூரத்திலிருந்து ஒன்று, அருகில் அடிமட்டம் வைத்து ஒன்று. அருகில் எடுத்த படம் மட்டும் இருந்தால், ஆறு மாதம் கழித்து அந்த ஆணி எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

நேரமும் முக்கியம். நம் ஊர் நடுப்பகல் வெயில் எந்த நிறத்தையும் வெளிறச் செய்துவிடும். காலை எட்டு மணிக்கு முன், கொட்டிலுக்கு வெளியே நிழலில் எடுங்கள். காருக்கு அடியில் படுத்து எடுப்பதற்கு முன், ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்குகட்டைகள் வைத்துவிடுங்கள்.

கடற்கரைப் பக்கத்துக் கார் என்றால் கதவின் கீழ்ப்பகுதிக்குள்ளும் படிக்குக் கீழுள்ள பெட்டிக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் கார் 2004 சுனாமியில் கல்லடியில் கதவளவு தண்ணீரில் நின்றது. பன்னிரண்டு வருடம் கழித்தும் அந்தப் பெட்டிக்குள் வெண்மணல் ஒரு பேணி அளவுக்கு இருந்தது. துரு ஏன் வெளியிலிருந்து உள்ளே போகாமல் உள்ளிருந்து வெளியே வந்தது என்பதை அந்த மணல்தான் விளக்கியது. கழுவிவிட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

நிறம் ஒளிந்திருக்கும் இடங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்; ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெளியே தெரியும் பெயின்ற் ஐந்தாவது கையாக இருக்கலாம். அசல் நிறம் சோம்பேறிப் பெயின்றர்கள் கைவைக்காத இடத்தில் இருக்கும்: கதவின் உட்பலகைக்குப் பின்னால், பின் சீற்றுக்கு அடியில், டாஷ்போர்ட்டின் முதுகில், பின் விளக்கின் றப்பருக்குக் கீழே, பொனட்டின் சின்னத்துக்கு அடியில். சூரியன் படாததால் அது மங்கியும் இருக்காது.

வெளிப்பெயின்றின் வரலாறும் வேண்டுமென்றால், கண்ணில் படாத இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தை 800, பிறகு 1200 இலக்க நீர்த்தாளால் சரிவாகத் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் போல அடுக்குகள் வட்டவட்டமாகத் தெரியவரும். நடுவிலிருந்து வெளியே: இரும்பு, அடிப்பூச்சு, முதல் நிறம், அடுத்தது, அடுத்தது. படமெடுத்து, ஒவ்வொரு வளையத்துக்கும் இலக்கமிட்டுக் கொப்பியில் வரையுங்கள். எப்போதும் ஈரமாகவே தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள்; அக்காலப் பெயின்றில் ஈயம் இருக்கும். பிறேக் உருளையைத் திறக்கும்போது கொம்பிரசர் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய பிறேக் பட்டைகளில் கல்நார் உண்டு.

எங்கள் காரில் வெளியே வெள்ளை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் இன்னொரு நீலம், கடைசியில் சாம்பல். பின் சீற்றின் அடியிலும் அதே சாம்பல். பெயின்ற் கலக்கும் கடைக்கு இதைப் படமாக அனுப்பாதீர்கள். ஒவ்வொரு தொலைபேசியின் திரையும் ஒவ்வொரு சாம்பலைக் காட்டும். சீற்றின் அடியிலிருந்த சிறு இரும்புத் துண்டையே கையில் கொண்டுபோனேன்.

எஞ்சினுக்கும் இதே கதைதான். மைனரின் எஞ்சின் அசலில் பச்சை. நம் ஊரில் வெள்ளியும் சிவப்பும் அடித்து வைத்திருப்பார்கள். டைனமோவின் தாங்கியைக் கழற்றினால் அதன் நிழலில் பச்சை தப்பியிருக்கும். நான் கம்பித் தூரிகை போட்ட பிறகும் ஒரு நகத்தளவு அங்கே பிழைத்திருந்தது.

கழற்றும் நாள்

ஒரு பாகத்தைக் கழற்றினால் அதற்குரிய ஆணிகள், வாசர்கள் எல்லாம் ஒரே பைக்குள், கழற்றிய ஒழுங்கில், கம்பியில் கோத்து. மாலைக்கட்டு மாதிரி இருக்கும்; மீண்டும் பூட்டும்போது அதன் அருமை தெரியும். பைக்குள் காகிதத் துண்டு வைத்தால் நம் ஈரக்காற்றில் மை ஊறிப் போகும். சோடாப் பேணியைக் கீலமாக வெட்டி, போல்பொயின்ற் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை போனாலும் தடம் நிற்கும். விளிம்பு கையை வெட்டும், கவனம்.

ஆணிகள் பேசும். மைனர் 1000 க்கு ஏழின்பதினாறு, அரை அங்குலம், ஒன்பதின்பதினாறு ஸ்பனர்கள் வேண்டும். ஜப்பான் ஆணிக்கு 10, 12, 14 மில்லிமீற்றர். ஓரிடத்தில் 12 மில்லிமீற்றர் ஸ்பனர் கச்சிதமாக உட்கார்ந்தால் அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பாகமே மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே எந்த ஆணிக்கு எந்த ஸ்பனர் என்று எழுதிக்கொண்டே கழற்றுங்கள். மாலையில் கூட்டிப் பார்த்தால் காரின் எந்தப் பகுதி தொடப்படாதது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

வயர்களை வெட்டாதீர்கள். பழைய கார்களில் அவை பருத்தி நூலுறை போட்டவை. அழுக்கை ஈரத்துணியால் எடுத்தால் நிறம் தெரியும். கறுப்பு நிலத்தொடுப்பு, மண்ணிறம் பற்றரியிலிருந்து வருவது, நீலம் பெரிய விளக்குகளுக்கு, சிவப்பு சிறிய விளக்குகளுக்கு. இடையில் இந்த ஒழுங்கில் சேராத பிளாஸ்டிக் வயர் வந்தால் அது பிற்காலத்தில் போட்டது. பற்றரியையும் பாருங்கள்: அசலாக மைனரில் நேர்முனைதான் உடலுடன் இணைந்திருக்கும். ரேடியோ பூட்டவோ ஆல்டர்னேற்றர் பூட்டவோ பலரும் எதிர்முனைக்கு மாற்றிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் பற்றரி கொழுவினால் பதிவேட்டில் புகைதான் பதிவாகும்.

பாகங்களில் பொறித்த நாட்கள்

லூக்காஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவற்றின் உடலில் செய்த வாரமோ மாதமோ ஆண்டோடு பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலைச் சின்னத்தில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சிறு புள்ளிகள் இருக்கும். அவை ஆண்டையும் காலாண்டையும் சொல்பவை. எஸ்.யூ. காபரேற்றரின் மிதவைப் பாத்திர மூடியின் திருகுக்குக் கீழ் ஒரு சிறு அலுமினியத் தகடு தொங்கும். காபரேற்றர் எந்தக் காருக்குரியது என்பதை அதிலுள்ள இலக்கம் சொல்லும். பெரும்பாலான கராஜ்களில் முதலில் குப்பைக்குப் போவது அந்தத் தகடுதான்.

இந்த நாட்கள் கார் பிறந்த நாளுக்குச் சில கிழமைகளோ மாதங்களோ முன்னதாக இருக்க வேண்டும். ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் கார் பிறந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு செய்யப்பட்டிருந்தால், அந்தப் பக்கம் எப்போதோ அடிபட்டிருக்கிறது. அந்தக் கதவின் பெயின்ற் வளையங்களையும் ஒருமுறை பாருங்கள்.

வீட்டு அல்பமும் பழைய கைகளும்

அந்நாளில் கார் வைத்திருந்தவர் வீட்டுக் காரில்தான் அந்தத் தெருவின் பாதித் திருமணங்கள் நடந்திருக்கும். ஆகவே உங்கள் காரின் படம் உங்கள் அல்பத்தில் இல்லாமல் அயலவர் அல்பத்தில் இருக்கலாம். புளியந்தீவில் தேவாலய வாசலில் மணமக்கள் இறங்கும் படம், மாமாங்கத்து ஆடி அமாவாசைக்குப் போன படம் எல்லாம் கேளுங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் சில்லு மூடி, பம்பர் கொம்பு, கண்ணாடியின் இடம், கூரைக்கும் உடலுக்கும் ஒரே நிறமா என்பதெல்லாம் தெரியும். 1978 சூறாவளியிலும் சுனாமியிலும் இங்கே அல்பங்கள் நிறையப் போய்விட்டன. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களிடம் பிரதிகள் தப்பியிருக்கும்.

அந்தப் படங்களில் இலக்கப் பலகையை விட்டுவிடாதீர்கள். முன்னர் நாட்டின் அக்கால ஆங்கிலப் பெயரான சிலோனிலிருந்து எடுத்த எழுத்துகள், பிறகு ஸ்ரீ. 1957, 1958 காலத்தில் சிங்கள ஸ்ரீக்கு எதிரான போராட்டத்தில் தமிழில் ஸ்ரீ எழுதிய கார்கள் நம் பகுதிகளில் ஓடின. பழைய இலக்கப் பலகை கைக்குக் கிடைத்தால் சுரண்ட வேண்டாம். பெயின்றின் கீழே என்ன இருக்கிறது என்று சரிந்த வெளிச்சத்தில் பாருங்கள். தொழிற்சாலை வைத்தது அல்லத்தான், ஆனால் அந்தக் காரைத் தவிர வேறெங்கும் கிடைக்காத சாட்சி.

பழைய மெக்கானிக்குகளிடம் கேட்கும்போது விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம், "காக்கா, இந்தக் கார் முதலில் என்ன நிறம்?" என்றேன். "நீலம் தம்பி. என் கண்ணாலே கண்டது" என்றார். சாம்பல்தான் என்று பின் சீற்று சொல்கிறதே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு பேச்சுவாக்கில், தான் வேலை பழகத் தொடங்கியது 1970 இல் என்றார். என் இரண்டாம் வளையம் நீலம். அவர் கண்டது உண்மை. நான் கேட்ட 'முதலில்' என்ற சொல்தான் அவருக்கு வேறு ஆண்டில் தொடங்கியது. அன்றிலிருந்து, ஒருவர் சொன்னதை எழுதும்போது அவர் எந்த ஆண்டில் கண்டார் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன்.

தொலைதூரச் சாட்சி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கார் செய்த திகதி, நிறம், எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பவற்றுடன் சான்றிதழ் தரும். கட்டணம் உண்டு. கட்டுவதற்கு முன் உங்கள் ரகத்துக்கும் ஆண்டுக்கும் பதிவேடு இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். வொக்ஸ்வாகன், பீஜோ வைத்திருப்பவர்கள் அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகங்களைத்தான் நாட வேண்டும்.

கொப்பியை வழக்கேடாக்குதல்

சேர்ந்ததையெல்லாம் ஒரு பாகத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதுங்கள். மேலே பாகத்தின் பெயர். கீழே இப்போது இருப்பது, தொழிற்சாலையில் இருந்தது, அதற்கான சாட்சி. சாட்சிக்குத் தரம் போடுங்கள். என் ஒழுங்கில் முதலிடம் காரின் தொடப்படாத பகுதிக்கு, அடுத்தது அக்காலத்துத் தொழிற்சாலை நூல்கள், பிறகு பழைய படம், பிறகு நினைவு. கடைசியாக, வேறொருவர் திருத்திய அதேவகைக் கார். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பிரதி செய்கிறார்கள். ஒருவர் விட்ட பிழை ஐந்து கார்களில் ஏறிய பிறகு அதுவே அசல் என்று பேசப்படும்.

நம் ஊர்க் கார்களில் ஒரு சிக்கல் வரும். 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் வருவது அரிதாக இருந்தது. 1977 இல்தான் இறக்குமதி தாராளமாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கார்களை ஓடவைத்தவர்கள் கடைசல் பட்டறைக்காரர்கள். எங்கள் காரின் முன் சில்லுப் பகுதியில் பித்தளையில் கடைந்த ஒரு புஷ் வளையம் இருந்தது. தொழிற்சாலைப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. நடுவர் முன் அது குறைதான். அசல் பாகம் கிடைத்தபோது மாற்றினேன். ஆனால் பித்தளையை எறியவில்லை. அளந்து, படமெடுத்து, எண்ணெய் பூசி, பேணித் தகட்டில் 'இடது முன், கழற்றியது' என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். டட்சன் எஞ்சின் பூட்டிய மைனர் உங்களிடம் இருந்தால் முடிவு இன்னும் கடினம். வாகனப் புத்தகத்தில் எந்த எஞ்சின் இலக்கம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துப் பதிவும் காரும் ஒத்துப்போகாமல் போட்டிக்குப் போவது வீண் தலையிடி.

கோப்பை நடுவர் மேசைக்குக் கொண்டுபோகும்போது முழுக் கொப்பியையும் நீட்டாதீர்கள். அவருக்கு உங்கள் காரில் கிடைப்பது சில நிமிடங்கள். சந்தேகம் எழக்கூடிய பத்துப் பதினைந்து விடயங்களுக்கு மட்டும் படமும் சாட்சியும் வைத்து மெல்லிய கோப்பு ஒன்று செய்யுங்கள். மாற்றியதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். என்னிடம் பற்றரியைக் கேட்டார்கள்: அக்காலத்துக் கறுப்புப் பெட்டி இல்லை, வெள்ளைப் பிளாஸ்டிக். ஆம் என்றேன், கழித்தார்கள். பூட்டாத ஒரு விளக்கைப் பற்றிக் கேட்டபோது 1961 ஆம் ஆண்டின் மாற்றத்தையும் எங்கள் கார் அதற்கு முந்தியது என்பதையும் காட்டினேன், கழிக்கவில்லை. முடிந்ததும் மதிப்பெண் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கி, கழித்த ஒவ்வொன்றையும் அந்தந்தப் பாகத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசி வேலை பிரதியெடுப்பது. படங்கள் இரண்டு இடத்தில், கொப்பியின் ஒளிநகல் ஒன்று கடலுக்கு எட்டாத இடத்தில். என்னுடையது செங்கலடியில் அக்கா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது.